குடிநீரின் தூய்மை சொல்லில் இல்லை, அளவில் இருக்கிறது!

திருவொற்றியூரில் குழாயடியில் குடம் வைக்கும் ஒவ்வொரு தாயும் நாடோறும் தனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: ‘இந்த நீரைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?’ இக்கேள்விக்கு இரண்டு விடைகள் ஊரில் உலவுகின்றன. வழங்கப்படும் நீர் முற்றும் தூய்மையானது, மக்கள் வீண் அச்சம் கொள்ள வேண்டா என்பது அலுவலகத்தின் விடை. குழாய்நீரை நம்புவோர் ஏமாளிகள், இருபது இலிட்டர் கேன் வாங்குங்கள் என்பது வணிகரின் விடை. முன்னது தன் பொறுப்பைக் காத்துக்கொள்ளச் சொல்லப்படுவது. பின்னது தன் சரக்கை விற்றுக்கொள்ளச் சொல்லப்படுவது. இரண்டுமே அந்தத் தாயின் குடத்தில் உள்ள நீரை அளந்து பார்த்துச் சொல்லப்பட்டவை அல்ல.

நீரின் தூய்மை நம்பிக்கையைப் பொறுத்ததன்று, அச்சத்தைப் பொறுத்ததுமன்று. அஃது அளந்தறியத்தக்க ஓர் உண்மை. எந்த நாளில், எந்தத் தெருவில், எந்தக் குழாய் முனையில் அளந்தது, என்ன கண்டது என்று சொல்லாத எவர்க்கும் ‘நீர் நல்லது’ என்று சொல்லும் உரிமை இல்லை. ‘நீர் கெட்டது’ என்று சொல்லும் உரிமையும் இல்லை. இதனை வலியுறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூவராலும் பாடப்பெற்ற ஊர் ஒற்றியூர். பட்டினத்தடிகள் அடங்கிய ஊர். அதன் கடற்கரை மணல் ஒருகாலத்தில் இனிய நீரைத் தேக்கி வைத்திருந்தது. வடசென்னை நிலத்தின் நீர்வளம் எத்தகையது என்பதற்கு வரலாறே சான்று. 1772ஆம் ஆண்டில் வெள்ளையர் தம் கோட்டைக்கு நீர் வேண்டி வடசென்னையில்தான் கிணறுகள் தோண்டினர். அவற்றுள் பயன்பட்டவை ஏழு. ஏழுகிணறு என்னும் பகுதிப் பெயர் இன்றளவும் நின்று அதனை நினைவூட்டுகின்றது. கோட்டைக்குள் இருந்தவன் தாகம் தீர்த்தது வடசென்னை மண்ணின் ஊற்றுநீர். பின்னர் 1872இல் செங்குன்றம் ஏரிநீர் நகருக்குக் கொணரப்பட்டது. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிப்பு நிலையம் எழுந்தது. நகர் வளர்ந்தது, அதன் தாகமும் வளர்ந்தது.

1960களில் வடக்கே மணலியிலும் எண்ணூரிலும் எண்ணெய்த் தூய்விப்பு ஆலையும் உர ஆலையும் அனல் மின்நிலையமும் அடுத்தடுத்து உருவாகலாயின. அவற்றுக்கும் நகருக்குமாக ஆரணியாறு, கொசத்தலையாறு ஆகியவற்றின் படுகையில், மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. உழவும் அதே நிலத்தடி நீரைத்தான் நம்பியிருந்தது. எடுத்த அளவுக்கு ஈடாக வானம் பெய்யவில்லை. நிலத்தடியில் நன்னீரின் அழுத்தம் குறையக் குறைய, அதுகாறும் அந்நீர் தடுத்து நிறுத்தியிருந்த கடல்நீர் உள்ளே புகுந்தது. மீஞ்சூர்ப் பகுதியில் கிணறுகள் கரித்தன. கட்டுப்பாடின்றி நீர் உறிஞ்சுவதைத் தடுக்கச் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடிநீர்ச் சட்டம் 1987இல்தான் வந்தது. வெள்ளம் வந்தபின் அணை கோலிய கதை இது.

நிலத்தடியில் உப்பு மட்டுமா புகுந்தது? 2013இல் தண்டையார்பேட்டையில் நிலத்துக்கடியில் செல்லும் எண்ணெய்க் குழாயிலிருந்து கசிந்த எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தது. மக்கள் தம் வீட்டு ஆழ்குழாயிலிருந்து இறைத்த நீரில் எண்ணெய் வாடையைக் கண்டனர். வழக்குப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. அதற்கு முன்னரே, 2009இல், நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் கடுமையாக மாசுற்ற தொழிற்பகுதிகளைக் கணக்கிட்டபோது மணலியின் பெயர் அப்பட்டியலில் இடம்பெற்றது. சென்னைத் துறைமுகத்திலிருந்து எண்ணூர் வரை உள்ள மண்ணின் கீழ் என்னென்ன குழாய்கள் ஓடுகின்றன, அவற்றுள் எவை எவை இற்றுப்போயுள்ளன என்பதை அம்மண்ணின் மேல் வாழும் மக்கள் அறியார்.

இவ்வாறு நிலத்தடி நீரை இழந்த மக்களுக்கு இறுதியில் கடலே குடிநீராயிற்று. காட்டுப்பள்ளியில் நிறுவப்பட்டு மீஞ்சூர் நிலையம் என்று அழைக்கப்பெறும் கடல்நீர்க் குடிநீராக்கு நிலையம் 2010 சூலைத் திங்களில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி இலிட்டர் நன்னீர் தரத்தக்கது அது. தனியார் நிறுவனம் அமைத்து இயக்க, குடிநீர் வாரியம் விலைகொடுத்து வாங்கி வழங்கும் ஏற்பாடு. மணலி, எண்ணூர், கத்திவாக்கம், திருவொற்றியூர் முதலிய வட பகுதிகள் அந்நீரால் பயன்பெறுவன. அடுத்த ஆண்டே, அஃதாவது 2011இல், திருவொற்றியூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. இன்று அது மாநகரின் முதலாம் மண்டிலம். அதன் குடிநீருக்குப் பொறுப்பு, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சென்னைக் குடிநீர் வாரியமேயாம்.

வாரியத்தின் உழைப்பை நாம் இகழவில்லை. கடல்நீரை அழுத்தி நுண்சவ்வின் வழியே செலுத்தி உப்பைப் பிரிக்கும் முறை அறிவியல் தந்த அரிய கொடை. அச்சவ்வு உப்பை மட்டுமன்றி நோய்நுண்மங்களையும் தடுத்து நிறுத்துகின்றது. நிலையத்தின் வாயிலில் நின்று அளந்தால் நீர் தூயதாகவே இருக்கும். ஆனால் மக்கள் நிலையத்தின் வாயிலில் நின்றா குடம் பிடிக்கின்றனர்? நிலையத்தினின்று புறப்பட்ட நீர் பன்னூறு தெருக்களின் அடியில் பழங்குழாய்களின் வழியே ஓடி, தொட்டியில் தங்கி, ஏறி இறங்கி வீடு வந்து சேர வேண்டும். கேடு நுழைவது பெரும்பாலும் அந்த இறுதி வழியில்தான்.

இதனைச் சற்று விளங்கக் கூறுவோம். குழாயில் நீர் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தால் உள்ளிருக்கும் அழுத்தம் வெளிநோக்கித் தள்ளும். அப்போது குழாயில் விரிசல் இருப்பினும் நீர் வெளியே கசியுமேயன்றி வெளியிலுள்ளது உள்ளே புகாது. நம் ஊர்களிலோ நீர் நாளில் சில மணி நேரமே விடப்படுகின்றது. சில வேளை ஒருநாள் விட்டு ஒருநாள். நீர் நின்றதும் குழாய் வெறுமையாகின்றது. உள்ளே அழுத்தம் குன்றுகின்றது. அருகில் ஓடும் கழிவுநீர்க் குழாயும் விரிசலுற்றிருந்தால், அதிலிருந்து ஊறி மண்ணை நனைத்த நீர் குடிநீர்க் குழாய்க்குள் உறிஞ்சப்படுகின்றது. மறுநாள் நீர் விட்டதும் முதலில் வருவது கருத்த, நாறிய நீர். இதனைக் கண்டறியாத வடசென்னைத் தெரு எது? மாநகரோடு புதிதாய் இணைந்த பகுதிகளுள் பலவற்றுக்குக் கழிவுநீர்க் குழாய்களே காலந்தாழ்ந்து வந்தன என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

இக்கேட்டுக்கு நம் மக்களும் துணைபோகின்றனர் என்பதை மறைத்தல் நேர்மையன்று. தெருக்குழாயிலிருந்து வரும் இணைப்பில் நேரடியாக மின்னோடியைப் பொருத்தி (மோட்டார் என்று நாம் வழங்குவது) நீரை இழுப்பவர் உளர். அவ்வாறு இழுக்கும்போது தெருக்குழாயின் அழுத்தம் இன்னும் தாழ்கின்றது. தன் தொட்டிக்கு நாலு குடம் மிகுதியாகச் சேர்த்துக்கொள்கின்றவர் தெரு முழுமைக்கும் சாக்கடையை அழைத்து வருகின்றார். அவர் வீட்டுப் பிள்ளையும் அதே நீரைத்தான் குடிக்கின்றது.

இந்த இறுதி வழியில் நீரைக் காப்பதற்கென்றே நீரில் குளோரின் சேர்க்கப்படுகின்றது. குழாயில் வழியில் ஏதேனும் நோய்நுண்மம் புகுந்தால் எஞ்சியுள்ள குளோரின் அதனை அழிக்கும். எனவே குடிநீரில் இலிட்டருக்கு 0.2 மில்லி கிராமேனும் குளோரின் எஞ்சி நிற்க வேண்டும் என்று இந்தியத் தர அமைவனத்தின் 10500ஆம் எண் தரநெறி கூறுகின்றது. நச்சுயிரிகளால் பரவும் நோயைத் தடுக்க வேண்டிய காலத்தில் அது 0.5 ஆக இருத்தல் வேண்டும். இவ்வளவைத் தெருக்கோடிக் குழாயில் கண்டால், அந்நீர் வழியில் கெடவில்லை என்பதற்கு ஓரளவு உறுதி கிட்டும். அங்கு ஒன்றும் எஞ்சவில்லையெனில், வழியில் ஏதோ அழுக்கு அதனைத் தின்றுவிட்டது என்றோ, தொடக்கத்திலேயே போதுமான அளவு இடப்படவில்லை என்றோ பொருள். ஒரு சிறு வில்லையை நீரிலிட்டு அது இளஞ்சிவப்பாக மாறும் அளவைக் கொண்டு சில நொடிகளில் இதனை அறியலாம். மருந்து நாற்றம் வருகின்றதே என்று நம் மக்கள் முகஞ்சுளிக்கும் அந்த நாற்றமே அந்நீரின் காவலன் வாயிலில் நிற்கின்றான் என்பதற்கு அடையாளம்.

அத் தரநெறி வேறு சில அளவுகளையும் வகுத்துள்ளது. மாந்தக் கழிவின் கலப்பைக் காட்டும் ஈ.கோலை என்னும் நுண்ணுயிரி, 100 மில்லி இலிட்டர் நீரில் ஒன்றுகூட இருத்தல் கூடாது. நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு இலிட்டருக்கு 500 மில்லி கிராமுக்குள் இருத்தல் நன்று. வேறு நீர் கிட்டாதவிடத்து 2000 வரை பொறுக்கலாம். ஈயம் இலிட்டருக்கு 0.01 மில்லி கிராமைக் கடத்தல் கூடாது. பாறைநெய் வகை எண்ணெய்க்கும், பீனால் முதலிய ஆலைக்கழிவு வேதிப்பொருள்களுக்கும் தனித்தனி வரம்புகள் உள்ளன. மற்ற ஊர்களில் இப் பிற்கூறியவற்றை ஆண்டுக்கொருமுறை பார்த்தாலே போதும் என்று சொல்லலாம். எண்ணெய்க் குழாய்களின் மேலும் ஆலைகளின் நடுவிலும் வாழும் ஒற்றியூர்க்கு அவ்வாறு சொல்ல முடியாது.

ஈண்டு ஓர் ஏமாற்றையும் மக்கள் அறிந்துகொள்ள வேண்டும். நீர்வடிப்புப் பொறி விற்க வருபவர் கையில் எழுதுகோல் போன்ற ஒரு கருவியை நீரில் தோய்த்து, அதில் தோன்றும் எண்ணைக் காட்டி, ‘பார்த்தீர்களா, உங்கள் நீர் நஞ்சு’ என்பார். அக்கருவி காட்டுவது கரைந்த உப்பின் அளவை மட்டுமே. கழிவுநீர் சிறிது கலந்ததையும் எண்ணெய் கலந்ததையும் ஈயம் கலந்ததையும் அது காட்டாது. கடல்நீரிலிருந்து உப்பு நீக்கிப் பெற்ற நீரில் உப்பு குறைவாகவே இருக்கும். அந்நீரில் சாக்கடை சிறிது கலந்தாலும் அக்கருவியில் எண் தாழ்ந்தே நிற்கும். அதனை நம்பிக் குடித்தால் கழிச்சல் வரும். கண்ணுக்குத் தெளிவாயிருப்பதும் அத்தகையதே. தெளிவு வேறு, தூய்மை வேறு.

கொதிக்க வைத்துக் குடித்தால் போகின்றது என்பர். கொதிநீரில் நோய்நுண்மங்கள் அழியும். அது நல்ல பழக்கமே. ஆனால் எண்ணெயும் ஈயமும் உப்பும் கொதித்தலால் நீங்கா. நீர் சுண்டுவதால் ஈயமும் உப்பும் மேலும் செறிவுறும். கேன் நீரை வாங்கினால் போகின்றது என்பர். வாங்கக் கையில் காசுள்ளவன் வாங்குகின்றான். நாட்கூலியில் வாழும் மீனவனும் ஆலைத் தொழிலாளியும் குடிநீர் வரியும் கட்டிவிட்டு, கேனுக்கும் ஏன் காசு கொடுக்க வேண்டும்? அரசு வழங்க வேண்டிய ஒன்றைக் கடையில் வாங்கிக் குடிக்கப் பழகிய குமுகாயம், அரசைக் கேள்வி கேட்கும் பழக்கத்தை மறந்துவிடுகின்றது. கேன் வண்டி தெருவுக்குள் நுழைந்த நாளிலிருந்து குழாயைப் பற்றி முறையிடுவோர் தொகை குறைந்துவருவதை நாம் காண்கின்றோம். வாங்க முடிந்தவன் விலகிப்போக, முறையிடக் குரலற்றவனே குழாயடியில் எஞ்சுகின்றான்.

விற்கப்படும் புட்டில் நீர் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஓர் உணவுப் பொருள். அது கெட்டிருந்தால் விற்றவனைச் சட்டம் பிடிக்கும். குழாய்நீரின் நிலையோ வேறு. 2019 நவம்பரில் நடுவணரசு இருபத்தொரு நகரங்களின் குழாய்நீரை ஆய்ந்து முடிவை வெளியிட்டது. சென்னையில் எடுத்த பத்து ஆய்வுநீர்களுள் ஒன்றுகூடத் தரநெறியின் எல்லா அளவுகளிலும் தேறவில்லை. கலங்கல், நாற்றம், கடினத்தன்மை, கழிவுநீர்க் கலப்பைக் காட்டும் நுண்ணுயிரி எனப் பல குறைகள் சுட்டப்பட்டன. பத்தே ஆய்வுநீர்களைக் கொண்டு ஒரு பெருநகரை அளந்துவிட முடியாது என்பது உண்மை. அவ்வாண்டு சென்னை கடும் வறட்சியுற்று, சோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் நீர் கொண்டுவந்த ஆண்டு என்பதும் உண்மை. எனினும் அப்போது வெளிப்பட்ட பெரிய செய்தி வேறொன்று. புட்டில் நீரைப் பிணித்த கட்டாயம் குழாய்நீர் வழங்குவோரை அன்று பிணிக்கவில்லை; அவர்களுக்குத் தரநெறி ஒரு பரிந்துரையாகவே இருந்தது! காசு கொடுத்து வாங்குபவனுக்குச் சட்டம். வரி கொடுத்துப் பெறுபவனுக்குப் பரிந்துரை. இதைவிடக் கொடிய முறைகேடு உண்டா?

அளவை மறைப்பதால் நேரும் கேட்டுக்கு உலகில் சான்றுகள் பல. கனடா நாட்டின் வாக்கர்டன் ஏறத்தாழ ஐயாயிரம் மக்களைக் கொண்ட சிற்றூர். 2000ஆம் ஆண்டு மே திங்களில் பெய்த பெருமழையால் மாட்டுச் சாணம் ஊர்க் கிணற்றில் கலந்தது. நீரில் போதிய குளோரின் இடப்படவில்லை. இட்டதாகவும் அளந்ததாகவும் ஏட்டில் மட்டும் பொய்யெண்கள் எழுதப்பட்டிருந்தன. ஏழு பேர் மாண்டனர். ஏறத்தாழ 2300 பேர் நோயுற்றனர். குளோரின் அளவை நாடோறும் ஊரறியப் பலகையில் எழுதும் வழக்கம் அங்கு இருந்திருப்பின் அப்பொய் எத்தனை நாள் நின்றிருக்கும்?

மற்றொரு சான்று அமெரிக்காவின் பிளின்ட் நகரம். அதுவும் நம் ஒற்றியூரைப் போல் தொழிற்சாலைகளால் வளர்ந்த ஊர். கருப்பினத்தவரும் ஏழைகளும் மிகுந்த ஊர். சிக்கனம் கருதி 2014 ஏப்பிரலில் அதன் நீர்மூலத்தை ஆற்றுக்கு மாற்றினர். குழாயை அரிக்காதவாறு நீரைப் பதப்படுத்தத் தவறினர். ஈயக் குழாய்கள் அரிக்கப்பட்டு ஈயம் நீரில் இறங்கியது. மக்கள் முறையிட்டனர், நீர் நல்லதே என்று அலுவலர் விடையிறுத்தனர். அவ்வாண்டு அக்தோபரிலேயே அவ்வூரிலிருந்த செனரல் மோட்டார்சு ஆலை, இந்நீர் எம் பொறியுறுப்புகளை அரிக்கின்றது என்று சொல்லி வேறு நீருக்கு மாறிக்கொண்டது. பிள்ளைகளின் அரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதை ஒரு மருத்துவர் அளந்து வெளியிட்டது 2015 செப்டம்பரில். இரும்புக்குக் கேடென்று அறிந்து ஓராண்டு கழிந்த பின்னரே பிள்ளைகளுக்குக் கேடென்று ஒப்புக்கொண்டனர். ஆலை தன் நீரை அளந்து பார்த்தது. மக்களுக்காக அளந்து பார்க்க ஒருவரும் இல்லை. வேறுபாடு அவ்வளவே.

அயல்நாட்டுக் கதையாயிற்றே என்று நாம் அமைதி கொள்ள இயலுமா? 1992இல் உலகம் அதுவரை அறிந்திராத ஒரு காலரா நுண்ணுயிரி வகை முதன்முதலாக இனங்காணப்பட்ட இடங்களுள் சென்னையும் ஒன்று. 2024 திசம்பரில், சென்னையை அடுத்த பல்லாவரம் பகுதியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் வாந்தியும் கழிச்சலும் கண்டு மருத்துவமனைகளில் சேர்ந்தனர், உயிரிழப்பும் நேர்ந்தது. குழாய்நீரில் கழிவுநீர் கலந்ததே கரணியம் என்றனர் மக்கள். அவ்வாறன்று என்றது அரசுத் தரப்பு. நாம் இங்கு அவ்வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நோய் வருவதற்கு முந்தைய பத்து நாள்களில் அத்தெருக்கோடிக் குழாயின் குளோரின் அளவு என்ன என்று மக்கள் பார்வைக்கு ஒரு பலகையில் எழுதப்பட்டிருந்தால், அவ்வழக்காடலுக்கே இடம் இருந்திராது என்கின்றோம். அளவு வெளியில் இல்லாதபோது வாய்வலி உடையவன் சொன்னதே மெய்யாகிவிடுகின்றது.

ஒற்றியூர்க்கு இன்னோர் இடரும் உண்டு. அதன் குடிநீருக்கு மூலமான கடலும் தூய்மையாக இல்லை. 2017 சனவரி 28ஆம் நாள் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியது. கரையில் மீனவரும் இளைஞரும் வாளிகொண்டு எண்ணெயை அள்ளிய காட்சியை நாடே கண்டது. 2023 திசம்பர்ப் புயல்மழையில், மணலியிலுள்ள சென்னைப் பெட்ரோலிய நிறுவன வளாகத்திலிருந்து வெளிப்பட்ட எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. வெள்ளத்தோடு எர்ணாவூர்ப் பகுதி வீடுகளுக்குள்ளும் புகுந்தது. அத்தகைய வெள்ளம் ஒரு வீட்டின் நிலத்தடித் தொட்டியில் புகுந்தால், குழாயில் வரும் நீர் எவ்வளவு தூயதாயினும் என்ன பயன்? கொசத்தலையாற்றின் கழிமுகத்தில் அனல்நிலையச் சாம்பல் படிந்து கிடப்பதை ஊரார் அனைவரும் அறிவர். கடலில் எண்ணெய் மிதந்தால் நிலையத்தின் சவ்வுகளே கெடும். ஆகவே கடலிலிருந்து எடுக்கும் நீரின் தன்மையும் அவ்வப்போது மக்களுக்கு அறிவிக்கப்பட வேண்டும்.

இனி மொழியைப் பற்றி ஒரு சொல். நீர் ஆய்வே நடைபெறவில்லை என்று நாம் சொல்லவில்லை. வாரியம் ஆய்வகம் வைத்துள்ளது. கிண்டியிலுள்ள கிங் நிலையத்திலும் நீர் ஆயப்படுகின்றது. அம்முடிவுகள் எங்கே? கோப்புகளுக்குள்! எம்மொழியில்? ஆங்கிலத்தில்! தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது 1956இல். எழுபது ஆண்டுகளாகியும், தன் பிள்ளை குடிக்கும் நீரில் என்ன இருக்கின்றது என்பதை ஒரு தமிழ்த்தாய் தன் தாய்மொழியில் தன் தெருவில் நின்று படித்தறிய இயலவில்லை. தமிழ்ப்பற்று என்பது மேடையில் முழங்குவதற்கு மட்டும் உரியதன்று. குளோரின் 0.3, நுண்ணுயிரி இல்லை, குடிக்கத் தக்கது என்று தெருப் பலகையில் தமிழில் எழுதுவது மேடை முழக்கத்தினும் சிறந்த தமிழ்த்தொண்டு. மக்களுக்குப் புரியாத மொழியில் உள்ள உண்மை, மக்களிடமிருந்து மறைக்கப்பட்ட உண்மையே.

வெளியிட்டால் மக்கள் அஞ்சுவர் என்று அலுவலர் கூறலாம். மக்கள் இப்பொழுதும் அஞ்சிக்கொண்டுதான் இருக்கின்றனர், அறியாமையால் அஞ்சுகின்றனர். அறிந்தவனுக்கு அச்சம் அளவோடு நிற்கும். எந்த நாளில் கொதிக்க வைக்க வேண்டும், எந்த நாளில் பிடிக்காமல் விட வேண்டும் என்று தெரியும். நாள்தோறும் தெருத்தெருவாக அளக்க ஆளில்லை என்றும் கூறலாம். சல் சீவன் மிசன் என்று நமக்குப் புரியாத பெயரோடு 2019இல் தொடங்கப்பட்ட நடுவண் திட்டத்தில், சிற்றூர்தோறும் ஐந்து பெண்களுக்கு நீர் ஆய்வுப் பெட்டி தந்து பயிற்சியளிக்க வேண்டும் என்று விதி செய்துள்ளனர். சிற்றூர்ப் பெண்ணால் இயல்வது ஒற்றியூர்ப் பெண்ணால் இயலாதா? 1982இல் நம் நாட்டு அறிவியலார் மாஞ்சாவும் துணைவரும் ஓர் எளிய முறையை வெளியிட்டனர். மருந்திட்ட தாள் கொண்ட சிறு புட்டிலில் நீரை ஊற்றி ஓரிரு நாள் வைத்தால், கழிவு கலந்த நீர் கருத்துவிடும். உயர்நிலைப் பள்ளி மாணவரே இதனைச் செய்யலாம். ஆய்வகத்தின் இடத்தை அது பிடிக்காதெனினும், எங்கே ஐயம் கொள்ள வேண்டும் என்று காட்டிவிடும்.

வாரியம் நல்லது செய்யவும் அறியும். 2019இல் கொடுங்கையூரில் கழிவுநீரையே நுண்சவ்வால் தூய்வித்து நாளொன்றுக்கு நாலரைக் கோடி இலிட்டர் நீரை மணலி, எண்ணூர் வட்டார ஆலைகளுக்குத் தரும் நிலையத்தை அமைத்தது. ஆலைகள் குடிநீரைக் குடிப்பது அந்த அளவுக்குக் குறைந்தது. அதனைப் பாராட்டுகின்றோம். ஆலைக்கு அனுப்பும் நீரின் தரத்தை அளந்து ஒப்பந்தப்படி உறுதிசெய்யத் தெரிந்தவர்க்கு, தெருக்கோடிக் குடிசைக்கு அனுப்பும் நீரின் தரத்தை அளந்து அறிவிப்பது அரிய செயலன்று.

எனவே நாம் கேட்பவை இவை:

ஒன்று: திருவொற்றியூர் மண்டிலத்தின் ஒவ்வொரு வட்டத்திலும், நீர் கடைசியாகச் சென்றடையும் தெருக்கோடிக் குழாயில், நீர் விடும் நாள்தோறும் எஞ்சிய குளோரின் அளவிடப்பட வேண்டும்.

இரண்டு: கிழமைக்கொருமுறை நுண்ணுயிரி ஆய்வும், பருவத்துக்கொருமுறை எண்ணெய், பீனால், ஈயம் ஆகியவற்றின் ஆய்வும் நடைபெற வேண்டும். பெருவெள்ளமோ எண்ணெய்க் கசிவோ நேர்ந்தால் உடனே நடைபெற வேண்டும்.

மூன்று: முடிவுகள் அனைத்தும் அவ்வத் தெருவிலேயே பலகையில் தமிழில் எழுதப்பட வேண்டும். கெட்ட முடிவை நல்ல முடிவுக்கு முன்னே எழுத வேண்டும்.

நான்கு: குடிநீர்த் தரநெறி குழாய்நீர் வழங்கும் அமைப்புகளைச் சட்டப்படி பிணிக்க வேண்டும். தவறினால் பொறுப்பேற்க ஓர் அலுவலர் பெயர் சுட்டி அமர்த்தப்பட வேண்டும்.

ஐந்து: கழிவுநீர்க் குழாயை ஒட்டிச் செல்லும் பழைய குடிநீர்க் குழாய்களை முதலில் மாற்ற வேண்டும். நீரை விட்டுவிட்டு வழங்கும் முறை படிப்படியாய் ஒழிய வேண்டும்.

மக்கள் செய்ய வேண்டியதும் உண்டு. இணைப்பில் பொருத்திய மின்னோடியை இன்றே கழற்றுங்கள். வீட்டுத் தொட்டியைக் காலத்தில் கழுவுங்கள். ஆழ்குழாய் நீரைக் குடிநீர்த் தொட்டியில் கலவாதீர்கள். நாறிய நீர் வந்தால் முணுமுணுத்துவிட்டுக் கொட்டாமல், நாளும் நேரமும் குறித்து எழுத்தில் முறையிட்டு ஒப்புகைச் சீட்டுப் பெறுங்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி உங்கள் தெருவின் ஆய்வு முடிவுகளைக் கேளுங்கள், தமிழில் கேளுங்கள், தமிழிலேயே விடை பெறுங்கள். தெருவுக்குப் பத்துப் பேர் இவ்வாறு கேட்கத் தொடங்கினால் கோப்புகள் தாமே வாய் திறக்கும்.

வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். நீருக்கு அத்துணை உயர்ந்த இடம் தந்த இனம் நம் இனம். அவ்வினத்தின் பிள்ளைகள், தம் ஊற்றுநீரைக் கோட்டைக்கும் ஆலைக்கும் ஈந்துவிட்டு, இன்று தம் குடத்தில் இருப்பது நீரா நோயா என்று அறியாமல் நிற்கின்றனர். அவர்களுக்கு வேண்டுவது ஆறுதல் மொழியன்று; அச்சுறுத்தும் மொழியுமன்று. தெருக்கோடியில் ஒரு பலகை. அதில் அன்றன்று எழுதிய ஓர் எண். அதனைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. பெறும்வரை ஓயாது கேட்பது நம் கடமை!